கோல்ட்ஃப்யூஷன் வேலைக்குப் போகலாமா, அக்கா?

கேள்வி இது: "பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா. எம்சிஏ முடிச்சு ஒரு வருஷமா சும்மா இருக்கேன். கோயம்புத்தூர்ல ஒரு சின்ன கம்பெனி கூப்பிடுது. வேலை கோல்ட்ஃப்யூஷன்ல. கூடப் படிச்சவங்க எல்லாம் 'செத்துப்போன மொழிடா'ன்னு சிரிக்கிறாங்க. அதுல வேலை செய்யறவங்களுக்கு நிஜமா என்ன கஷ்டம்? போகலாமா அக்கா?"

தம்பி, நான் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறை. 2010-ல் இதே மொழியில் வேலைக்குச் சேர்ந்து, வேலந்தாவளம் வழியாக உக்கடம் பஸ்ஸில் பத்து வருஷம் போய் வந்தேன். 2020-ல் பஸ் நின்றதிலிருந்து வீட்டு மாடியறைதான் ஆபீஸ். மொழி மட்டும் மாறவில்லை. அதனால் இங்கே எழுதுவதில் பெரும்பாலானது நானே பட்டது.

கோல்ட்ஃப்யூஷன் என்பது வலைத்தளம் எழுதும் நிரல்மொழி. மொழி கஷ்டமே இல்லை. ஹெச்டிஎம்எல் தெரிந்தவருக்கு ஒரு வாரம் போதும். அதற்காகத்தான் அதை உருவாக்கினார்கள். 1995-ல் ஜெரமி அலேர், ஜே.ஜே. அலேர் என்ற அமெரிக்கச் சகோதரர்கள் வெளியிட்டது. டேட்டாபேஸில் இருப்பதை ஒரு வலைப்பக்கத்தில் காட்ட அன்றைக்குப் பக்கம் பக்கமாக நிரல் எழுத வேண்டும். இவர்கள் ஒரு டேக் (கோணக் குறிக்குள் எழுதும் கட்டளை) போட்டு உள்ளே க்வெரியை (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியை) எழுது, இன்னொரு டேக் போட்டு அச்சிடு, முடிந்தது என்றார்கள். 2001-ல் அது மேக்ரோமீடியாவுக்குப் போனது, 2005-ல் மேக்ரோமீடியாவே அடோபிக்குப் போனது. மைஸ்பேஸ் ஒரு காலத்தில் இதில் ஓடியது. அண்ணனான ஜே.ஜே. பிற்பாடு ஆர்-ஸ்டூடியோ என்ற மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கினார், தம்பி ஜெரமி சர்க்கிள் என்ற டிஜிட்டல் நாணய நிறுவனத்தை நடத்துகிறார். பெற்றவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், பிள்ளை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் பல்கலைக்கழகங்களிலும் அரசு அலுவலகங்களிலும் இன்றைக்கும் நிறைய இருக்கிறது. அடோபி 2023-லும் 2025-லும் புது வெர்ஷன் விட்டிருக்கிறது. செத்துப்போனது என்று சிரிப்பவர்களிடம் அதைச் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போங்கள்.

கஷ்டம் எங்கே என்றால், மாட்டிக்கொண்டால் கேட்க ஆள் கிடையாது. இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். ஜாவாஸ்கிரிப்டில் ஒரு பிழைச் செய்தியை அப்படியே தேடினால் நமக்கு முன்னால் நாற்பது பேர் அதே குழியில் விழுந்து எழுந்து எழுதி வைத்திருப்பார்கள். இதில் தேடினால் வருகிற பக்கம் 2004-ல் எழுதியதாக இருக்கும். அதில் சொன்ன லிங்க் திறக்காது. அல்லது நம்மைப் போலவே ஒருவர் கேட்டிருப்பார், கீழே ஒரு பதிலும் இருக்காது, இரண்டு வருஷம் கழித்து அவரே வந்து "சரியாகிவிட்டது, நன்றி" என்று மட்டும் எழுதியிருப்பார். என்ன செய்து சரியானது என்று சொல்ல மாட்டார். அந்த ஆளை நான் மனசுக்குள் திட்டியது கொஞ்சநஞ்சமில்லை.

தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு மலையாள ஃபாரம் நிரப்பக் கற்றுக்கொண்டவர்கள் நாம். அக்கம்பக்கத்தில் ஒரு ஆளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பழக்கம் நமக்கு இருக்கிறது. அது இங்கே உதவும். பென் நாடெல் பல வருஷமாக இந்த மொழியின் ஒவ்வொரு மூலையையும் சோதித்து எழுதி வருகிறார். சர்வர் படுத்தால் சார்லி ஏர்ஹார்ட் எழுதியதைத் தேடுங்கள். ஃபங்ஷன் (பெயர் வைத்துக் கூப்பிடும் நிரல் துண்டு) விளக்கத்துக்கு சிஎஃப்டாக்ஸ் தளம். அதற்கு மேல் உள்ளூரில் பக்கத்து சீட் ஆள்தான். அவர் வேலையை விட்டுப் போய்விட்டால் அவர் எழுதிய கோடு, அதாவது நிரல்.

அந்தக் கோடு பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் சேர்ந்த இரண்டாவது வருஷம். அமெரிக்க க்ளையன்ட், ஆஃபீஸ் சாமான்கள் விற்கிற தளம். ஒருநாள் ராத்திரி மெயில்: ஒரு வாடிக்கையாளர் தன்னுடைய ஆர்டர் பக்கத்தைத் திறந்தால் வேறொருவருடைய பெயரும் முகவரியும் தெரிகிறது. ரெஃப்ரெஷ் பண்ணினால் சரியாகிவிடுகிறது. எங்கள் மெஷினில் எத்தனை முறை திறந்தாலும் ஒழுங்காக வருகிறது. க்ளையன்ட்டுக்கு நாங்கள் பொய் சொல்கிறோமோ என்று சந்தேகம். எனக்கோ அவர்தான் எதையோ குழப்பிக்கொள்கிறார் என்ற நினைப்பு.

மூன்று நாள் போனது. இந்த மொழியில் ஒரு ஃபங்ஷனுக்குள் ஒரு வேரியபிளுக்கு மதிப்பு கொடுக்கும்போது முன்னால் 'வார்' என்று போடாவிட்டால், அது அந்த ஃபங்ஷனோடு நிற்காது. வெளியே, அந்தக் காம்பொனென்ட் (பல ஃபங்ஷன்களைச் சேர்த்து வைக்கும் பெட்டி) முழுவதற்கும் பொதுவான இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தக் காம்பொனென்ட்டை வேகத்துக்காக ஒரே ஒரு முறை உருவாக்கி எல்லா யூசருக்கும் பொதுவாக வைத்திருந்தார்கள். அ என்பவர் தன் ஆர்டரைக் கேட்கிறார். க்வெரி ஓடி விடை பொது இடத்தில் உட்கார்கிறது. அதை எடுத்துப் பக்கத்தில் அச்சிடுவதற்குள் ஆ என்பவரின் க்வெரி ஓடி, அதே இடத்தில் அவருடைய விடையை வைத்துவிடுகிறது. அ-வின் பக்கத்தில் ஆ-வின் முகவரி. ஒரே தண்ணீர்க் குழாயில் இரண்டு பேர் குடம் வைத்த கதை. எங்கள் மெஷினில் நான் ஒருத்திதானே யூசர், எப்படி வரும்?

கடைசியில் க்வெரிக்கும் அச்சிடுவதற்கும் நடுவில் ஐந்து விநாடி தூங்கச் சொல்லி ஒரு வரி சேர்த்தேன். இரண்டு பிரவுசரில் இரண்டு யூசராக நுழைந்து, ஒன்றைத் திறந்துவிட்டு ஓடிப்போய் மற்றதைத் திறந்தேன். முதல் பிரவுசரில் இரண்டாவது ஆளின் முகவரி வந்து நின்றது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் சம்பளம் வந்த நாளில்கூட வந்ததில்லை. திருத்தம் ஒரு சொல், 'வார்'. ஆனால் அதே மாதிரி விட்ட இடங்கள் நூற்றுக்கு மேல் இருந்தன. 2009-ல் வந்த ஒன்பதாம் வெர்ஷனுக்கு முன்னால் 'வார்' எல்லாவற்றையும் ஃபங்ஷனின் தலையிலேயே எழுதியாக வேண்டும் என்று விதி. நடுவில் ஒன்று தேவைப்பட்டால் மேலே போய்ச் சேர்த்துவிட்டு வர வேண்டும். அவசரத்தில் யார் போவார்கள்? எழுதியவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மொழி அப்படி ஒரு குழியை வாசலிலேயே வெட்டி வைத்திருந்தது.

நீங்கள் சேர்ந்தால் முதல் மாதத்தில் செய்ய வேண்டிய வேலை இதுதான்: ஃபங்ஷன்களைத் திறந்து 'வார்' இல்லாத இடங்களைத் தேடுங்கள். இதற்கென்றே 'வார்ஸ்கோப்பர்' என்று ஒரு கருவி இருக்கிறது.

அடுத்த தொல்லை, மொழியின் நல்ல குணத்திலிருந்தே வருவது. எண், எழுத்து, தேதி என்று வகை பிரித்து உங்களைத் தொந்தரவு செய்யாது, தானே ஊகித்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் எண்ணாகத் தெரிந்தால் எண்ணாகவே ஒப்பிடும். அதனால் "0012" என்ற சரக்குக் குறியீடும் "12" என்ற குறியீடும் அதற்கு ஒன்றுதான். "1E3" என்று ஒரு ஃப்ளாட் நம்பர் இருந்தால் அது ஆயிரத்துக்குச் சமம் என்று சாதிக்கும், ஏனென்றால் அறிவியல் முறையில் ஒன்றுக்குப் பின்னால் மூன்று பூஜ்யம். எழுத்தாகவே ஒப்பிட 'கம்பேர்' என்று தனி ஃபங்ஷன் இருக்கிறது. குறியீடுகளுக்கு அதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று யாரும் முதல் நாளில் சொல்லித் தர மாட்டார்கள்.

ஜேசன் (தளங்கள் தங்களுக்குள் தகவல் பரிமாறும் எழுத்து வடிவம்) வந்தபோது இது இன்னும் மோசமாயிற்று. பழைய வெர்ஷன்களில் ஜேசனாக மாற்றச் சொன்னால், எண் மாதிரித் தெரிகிற எழுத்தை எண்ணாக்கிவிடும். பாஸ்டன் பக்கத்து ஜிப் கோடுகள் (அமெரிக்கப் பின்கோடு) பூஜ்யத்தில் தொடங்குபவை. 02134 உள்ளே போய் 2134 வெளியே வரும். கூரியர்க்காரன் என்ன செய்வான்? 'எஸ்', 'நோ' என்ற சொற்கள் இந்த மொழியில் உண்மை, பொய் என்பதற்குச் சமம். எனவே நார்வேயின் நாட்டுக் குறியீடான 'நோ', 'பொய்' என்று ஜேசனில் போய் நிற்கும். ஒரு தேசத்தையே பொய்யாக்கிய மொழி என்று ஆபீஸில் சிரித்தோம். பதினோராம் வெர்ஷனில் இது கொஞ்சம் சீரானது. அதுவரை நாங்கள் செய்த வைத்தியம், மதிப்புக்கு முன்னால் ஒரு இடைவெளியை ஒட்டி அனுப்பி, அந்தப் பக்கம் வெட்டிக்கொள்வது. அசிங்கம்தான், ஆனால் ஓடியது. நீங்கள் பழைய கோடில் காரணமில்லாமல் ஒரு இடைவெளி ஒட்டியிருப்பதைப் பார்த்தால் அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள். எவனோ ஒருவன் ராத்திரி இரண்டு மணிக்கு ஒட்டியது.

சின்னச் சின்ன எரிச்சல்களும் உண்டு. அர்ரே (மதிப்புகளின் வரிசை) எண்ணிக்கை ஒன்றிலிருந்து தொடங்கும், பூஜ்யத்திலிருந்து இல்லை. பகலில் ஜாவாஸ்கிரிப்டும் மதியத்துக்கு மேல் இதுவும் எழுதுகிறவருக்கு தினம் ஒரு தரம் கணக்குத் தப்பும். வேரியபிளை அச்சிட இரண்டு பக்கமும் ஹேஷ் குறி போட வேண்டும். அதே பக்கத்தில் சிஎஸ்எஸ் நிறக் குறியீடு எழுதினால் அதன் ஹேஷையும் வேரியபிள் என்று நினைத்துக் கத்தும், அதனால் ஹேஷை இரட்டிப்பாக எழுத வேண்டும். பழகிவிடும்.

இப்போது எனக்குப் பிடித்த பகுதி. நம்ம ஊர்ப் பால் சங்கம் ஒன்றுக்கு, காசு வாங்காமல், உறுப்பினர் பட்டியலும் ரசீதும் போட ஒரு சின்ன தளம் செய்து கொடுத்தேன். அடோபி லைசென்ஸ் ஆயிரக்கணக்கான டாலர். பால் சங்கத்துக்கு அது ஆகுமா? லூசி என்ற இலவச ஓப்பன் சோர்ஸ் சர்வர் இருக்கிறது, ரெய்லோ என்பதிலிருந்து 2015-ல் பிரிந்தது, இதே மொழியை ஓட்டும். அதைப் போட்டேன். இங்கே உறுப்பினர்களில் பாதிப் பேர் பெயர் தமிழில், பாதி மலையாளத்தில். செக்ரட்டரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "அவங்கவங்க பேரு அவங்கவங்க எழுத்துலதான் வரணும், இங்கிலீஷ்ல போட்டா எனக்குத்தான் திட்டு."

முதல் நாள் பெயர்ப் பத்தி முழுக்கக் கேள்விக்குறி. தமிழைச் சேமித்தால் வருகிற வரிசையான கேள்விக்குறிகளைப் பார்க்காத தமிழ் நிரலாளர் இல்லை. எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸின் டேபிளில் பத்தியின் வகை 'வார்சார்' என்று இருந்தது. அதை யூனிகோடை (எல்லா மொழி எழுத்துக்குமான பொதுக் குறியீட்டு முறை) ஏற்கும் 'என்வார்சார்' ஆக்க வேண்டும். ஆக்குவதற்கு முன்னால் சேமித்தது போனது போனதுதான், திரும்ப டைப் அடிக்க வேண்டும். அடோபி சர்வராக இருந்தால் இதோடு டேட்டாசோர்ஸ் (டேட்டாபேஸ் இணைப்பு) அமைப்புக்குள்ளே யூனிகோடுக்கு என்று ஒரு டிக் பெட்டி இருக்கும். அட்வான்ஸ்டு என்ற பொத்தானை அழுத்தினால்தான் கண்ணில் படும். நிரல் ஃபைலுக்குள்ளேயே தமிழ் எழுதியிருந்தால் அந்த ஃபைல் யூடிஎஃப்-8 என்று தலையில் அறிவிக்க வேண்டும். ஒரே கேள்விக்குறிக்கு மூன்று காரணம். மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது காரணம் என்று தெரியாமலே போய்விடும், ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

அதைத் தாண்டி ரசீது அச்சிட்டோம். ரசீது மெஷினின் தாள் குறுகல். பெயருக்குப் பத்து எழுத்து என்று வெட்டினேன். மறுநாள் காலை பால் ஊற்ற வந்த கிருஷ்ணசாமி ரசீதைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்: "யாரும்மா இது, கிருஷ்ணசாம?" பின்னால் நின்ற மாரியம்மாள் தன்னுடையதைப் பார்த்து, "எனக்குப் புள்ளி போயிருச்சு" என்றார். அவர் ரசீதில் 'மாரியம்மாள' என்று இருந்தது.

நமக்குக் கிருஷ்ணசாமி என்பது கி, ரு, ஷ், ண, சா, மி என்று ஆறு எழுத்து. 'லென்' ஃபங்ஷனைக் கேட்டால் பதினொன்று என்கும். யூனிகோடில் உயிர்மெய்யின் குறி தனியாக, மெய்யின் புள்ளி தனியாக எண்ணப்படும். பத்தில் வெட்டினால் கடைசி 'மி'யின் குறி ஒடிந்துவிடும். இங்கிலீஷ்காரருக்கு இந்தப் பிரச்சினையே வராது, அதனால் அவர்கள் எழுதிய உதவிப் பக்கங்களில் இதற்கு விடையும் கிடையாது. மொழியோடு வந்த பழைய ரெஜெக்ஸ் (எழுத்து அமைப்பைச் சொல்லித் தேடும் முறை) எஞ்சினுக்கு யூனிகோடில் எது எழுத்து, எது குறி என்ற வகை தெரியாது.

இங்கேதான் ஒரு கதவு திறக்கிறது. 2002-ல் மேக்ரோமீடியா இந்த மொழியின் சர்வர் முழுவதையும் ஜாவாவில் திரும்ப எழுதியது. மேலே டேக் டேக்காகத் தெரிந்தாலும் அடியில் ஓடுவது ஜாவா. ஒரு சாதாரண எழுத்துச் சரத்தின்மேல் ஜாவாவின் 'ரிப்ளேஸ்ஆல்' முறையை நேராகவே கூப்பிடலாம், ஜாவாவின் எந்த வகுப்பையும் ஒரே வரியில் உள்ளே இழுக்கலாம். ஜாவாவின் ரெஜெக்ஸுக்கு 'ஒரு எழுத்து, அதைத் தொடரும் குறிகள் எத்தனை இருந்தாலும் சேர்த்து' என்று சொல்லத் தெரியும். அப்படிச் சொல்லி எண்ணினேன், ஆறு என்றது. கிருஷ்ணசாமி முழுசாக வந்தார், புள்ளியும் வந்தது. (ஸ்ரீ, க்ஷ இரண்டும் இந்த எண்ணிக்கையில் இரண்டாகவே விழும். ரசீதுக்கு அது போதும் என்று விட்டுவிட்டேன்.)

தேடலிலும் இதே வம்பு. 'கொ' என்பதில் வருகிற குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான். கொழிஞ்சாம்பாறை என்று தேடினால் ஒரு கீபோர்டில் அடித்தவை வரும், இன்னொன்றில் அடித்தவை வராது. ஜாவாவின் 'நார்மலைசர்' வழியாக எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் சேமிக்க வேண்டும். மலையாளத்துக்கு அது போதாது. ராஜன், கோபாலன் என்ற பெயர்களில் கடைசியில் வரும் சில்லெழுத்துக்கு (உயிர் சேராத மெய்யின் தனி வடிவம்) 2008-ல் யூனிகோட் 5.1 தனிக் குறியீடு கொடுத்தது. அதற்கு முன்னால் மெய்யெழுத்தும் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒட்டுக் குறியும் சேர்த்து எழுதினார்கள். இரண்டும் இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கின்றன, நார்மலைசர் இவற்றை ஒன்றாக்காது. நானே ஒரு மாற்றுப் பட்டியல் எழுதி ஒட்டினேன். சங்கத்தில் கோபாலன் என்ற பெயரில் இரண்டு கணக்கு ஒரே ஆளுக்கு ஓடிக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. போனஸ் சமயமாக இருந்திருந்தால் பெரிய சண்டை ஆகியிருக்கும்.

இவ்வளவு நீட்டிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இந்த மொழியில் கேட்க ஆளில்லை என்றேன். ஆனால் அடியில் இருக்கிற ஜாவாவைப் பற்றிக் கேட்டால் உலகமே பதில் சொல்லும். பக்கவாட்டில் தேடி ஒன்றும் கிடைக்காதபோது ஒரு தளம் கீழே இறங்கித் தேட வேண்டும். என் கேள்வியைக் கோல்ட்ஃப்யூஷன் கேள்வியாகக் கேட்பதை விட்டு, ஜாவா கேள்வியாக, எஸ்க்யூஎல் கேள்வியாக, ஹெச்டிடிபி கேள்வியாக மாற்றிக் கேட்க எனக்கு நான்கு வருஷம் ஆயிற்று. சர்வர் மெதுவாகிவிட்டதா? கோல்ட்ஃப்யூஷன் மெதுவாக ஓடுகிறது என்று தேடாதீர்கள். ஜேவிஎம் (ஜாவாவை ஓட்டும் எஞ்சின்) நினைவகம், த்ரெட் டம்ப் (அந்த நொடியில் சர்வர் செய்துகொண்டிருக்கும் வேலைகளின் பட்டியல்) என்று தேடுங்கள். சின்ன மொழியில் நிலைத்து நின்ற எல்லாரும் செய்வது இதைத்தான். எர்லாங், பெர்ல் என்ற மொழிகளில் எழுதுகிறவர்களும் கேட்டால் தலையாட்டுவார்கள்.

ஏஐ இருக்கிறதே என்பீர்கள். நானும் தினம் பயன்படுத்துகிறேன். பைத்தானில் அது தெளிவாகப் பேசும், இதில் கொஞ்சம் உளறும். பிஹெச்பியில் இருக்கிற ஃபங்ஷனைப் பெயர் மாற்றி இதில் இருப்பதாகச் சத்தியம் செய்யும். அடோபியில் மட்டும் இருப்பதை லூசிக்குச் சொல்லும். ஸ்ப்ரெட்ஷீட் டேக் அடோபியில் கூடவே வரும், லூசியில் தனி எக்ஸ்டென்ஷன் போட வேண்டும். அந்த வித்தியாசம் அதற்குப் பிடிபடாது. பழைய நிரலைக் கொடுத்து "இது என்ன செய்கிறது" என்று கேட்பதற்கு அருமையான கருவி. "எழுதிக் கொடு" என்றால் ஒவ்வொரு ஃபங்ஷன் பெயரையும் சரிபாருங்கள்.

பழைய வெர்ஷன் விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பு. இந்த மொழித் தளங்கள் ஒருமுறை எழுதினால் பத்து வருஷம் தொந்தரவு தராமல் ஓடும். அதுவே ஆபத்து, யாரும் தொட மாட்டார்கள். 2005-ல் வந்த ஏழாம் வெர்ஷனில் ஃபாரத்தை ஃப்ளாஷில் (பிரவுசரில் அசைபடம் காட்டிய பழைய ப்ளகின்) காட்ட ஒரு வசதி கொடுத்தார்கள், பார்க்க அழகு. எங்கள் க்ளையன்ட் ஒருவர் கணக்குப் பிரிவில் அப்படி ஒரு பக்கத்தை விடாமல் வைத்திருந்தார். ஃப்ளாஷ் நிற்கப் போகிறது என்று மூன்று வருஷம் மெயில் அனுப்பினோம். 2021 ஜனவரி 12-ந் தேதி உலகம் முழுக்க ஃப்ளாஷ் படுத்தது, அன்றைக்கு ராத்திரி ஃபோன் வந்தது. பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால். பானை வைத்ததைப் பார்க்கவில்லை, பக்கத்தைத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தேன்.

பாதுகாப்பு அதைவிடப் பெரிது. 2023 மார்ச்சில் அடோபி ஒரு முக்கியமான ஓட்டைக்குப் பேட்ச் விட்டது. அந்த வருஷம் ஜூன், ஜூலையில், பேட்ச் போடாத சர்வர்கள் வழியாக அமெரிக்க மத்திய அரசு அலுவலகம் ஒன்றுக்குள் ஆட்கள் நுழைந்திருக்கிறார்கள் என்று அந்த நாட்டின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா டிசம்பரில் அறிவித்தது. மூன்று மாத அவகாசம் இருந்தும் அப்படி. நாம் எழுதிய கோடில் பிழை என்றால் நாம் திருத்தலாம், சர்வரையே யாரும் கவனிக்காவிட்டால் என்ன செய்வது? நிர்வாகப் பக்கம் வெளி இன்டர்நெட்டில் திறந்திருக்கிறதா என்று சேர்ந்த அன்றே பாருங்கள். க்வெரிக்குள் வேரியபிளை நேராக ஒட்டியிருக்கிறார்களா, வெளியாள் தன் கட்டளையை உள்ளே நுழைக்க முடியாதபடி 'க்வெரிபராம்' டேக் வழியாக அனுப்புகிறார்களா என்றும் பாருங்கள்.

சம்பளம், எதிர்காலம். ஆள் குறைவு என்பதால் ஐந்து வருஷ அனுபவம் ஆனதும் உங்களுக்கு மதிப்பு இருக்கும், அதற்கு முன்னால் இருக்காது. ஃப்ரெஷருக்கு என்று யாரும் இந்த வேலையை விளம்பரம் செய்வதில்லை. பெரிய கம்பெனியின் ரெஸ்யூமே வடிகட்டும் சாஃப்ட்வேருக்கு இந்தச் சொல் தெரியாது. தரகர் ஃபோன் பண்ணி, "கோல்ட் ஸ்டோரேஜா மேடம்?" என்று என்னைக் கேட்டிருக்கிறார். மாறவே முடியாதா என்றால் முடியும். என்னோடு வேலை செய்தவர்களில் சிலர் ஜாவாவுக்குப் போனார்கள், சிலர் எஸ்க்யூஎல் பக்கம். ஒருவர்கூட "நான் கோல்ட்ஃப்யூஷன் டெவலப்பர்" என்று சொல்லி மாறவில்லை. "பதினைந்து வருஷப் பழைய தளத்தை நிறுத்தாமல் புதுசாக்கினேன்" என்று சொன்னவர்களுக்குத்தான் கதவு திறந்தது.

அப்புறம் ராத்திரி. க்ளையன்ட் அமெரிக்கக் கிழக்குக் கரை என்றால் அவர்களுக்குக் காலை ஒன்பது நமக்கு மாலை ஆறரை, நவம்பர் வந்தால் ஏழரை. கடைசி வேலந்தாவளம் பஸ்ஸைப் பிடிக்க முடியுமா என்று இன்டர்வியூவிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நான் முதல் வருஷம் கேட்காமல் விட்டு, சுந்தராபுரத்தில் சித்தி வீட்டில் வாரத்தில் மூன்று நாள் தங்கினேன்.

போங்கள் என்றுதான் சொல்வேன், வீட்டில் சும்மா இருப்பதைவிட. ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். நிரலை 'கிட்' என்ற, ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கருவியில் வைத்திருக்கிறீர்களா, அல்லது ஆளுக்கொரு பென்டிரைவா? எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவர் இன்னும் அங்கே இருக்கிறாரா, ஒரு மாதமாவது கூட உட்கார்ந்து சொல்லித் தருவாரா? சர்வரில் இருப்பது எந்த வெர்ஷன்? லூசி என்றாலோ அடோபியின் 2023, 2025 என்றாலோ நிம்மதி. 2018 அல்லது அதற்கும் கீழே என்றால், அடோபி அதற்குப் பேட்ச் கொடுப்பதை நிறுத்திவிட்டது. எப்போது மேம்படுத்தப் போகிறீர்கள் என்று கேளுங்கள். பதில் வராமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டால், அந்த வேலை உங்கள் தலையில்தான் விழப் போகிறது. சம்பளத்தில் ஐயாயிரம் கூட்டிக் கேட்டுவிட்டுச் சேருங்கள்.